நாற்பது குதிரைத் திறன், இரண்டு கார்கள்

சென்ற பருவத்தில் என் வகுப்பு மாணவர் ஒருவர் இரண்டு பழைய கையேடுகளைக் கொண்டுவந்து மேசைமீது வைத்தார். ஒன்று அவருடைய தாத்தா வைத்திருந்த பிரீமியர் பத்மினி காருக்கு உரியது. மற்றது அவருடைய தந்தையார் பின்னாளில் வாங்கிய மாருதி 800 காருக்கு உரியது. வீட்டில் இப்போது புதிதாக ஒரு சிறிய பெட்ரோல் கார் வாங்கும் பேச்சு நடக்கிறதாம். பேச்சு தொடங்கியதுமே தாத்தாவும் தந்தையாரும் பழைய வழக்கைத் தூசி தட்டி எடுத்துவிட்டார்கள். "ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறிப் பார், அப்போது தெரியும் பத்மினியின் அருமை" என்பது தாத்தாவின் கட்சி. "டவுனுக்குள் மாருதியைப் பத்மினி ஒரு நாளாவது முந்தியதுண்டா?" என்பது தந்தையாரின் கட்சி. மாணவருக்கோ வேறோர் ஐயம். "ஐயா, இரண்டு கையேட்டிலும் குதிரைத் திறன் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் இரண்டு காரும் ஒரே மாதிரி அல்லவா ஓட வேண்டும்?" என்று கேட்டார்.

கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை காண உயர்நிலைப் பள்ளி இயற்பியலே போதும். அதைத்தான் இங்கே செய்து பார்க்கப் போகிறோம். பென்சிலும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் கார்களை அறிமுகம் செய்துகொள்வோம். பத்மினி என்பது இத்தாலிய நாட்டு பியட் 1100 காரின் இந்திய வடிவம். பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் அதைச் செய்தது. பியட் என்றே பலரும் கடைசிவரை அதை அழைத்தார்கள். 1970களில்தான் பத்மினி என்ற பெயர் வந்தது. அதன் எஞ்சினின் பருமன் 1089 க.செ.மீ.; நான்கு சிலிண்டர்கள். நிமிடத்துக்கு 4800 சுற்றில் அது தரும் திறன் ஏறத்தாழ 40 குதிரை. வெறும் காரின் நிறை சுமார் 895 கி.கி. மாருதி 800 ஜப்பானிய சுசுகி நிறுவனத்தின் கூட்டுறவோடு 1983 டிசம்பரில் வெளிவந்தது. எஞ்சின் 796 க.செ.மீ.; மூன்றே சிலிண்டர்கள். நிமிடத்துக்கு 5500 சுற்றில் ஏறத்தாழ 39.5 குதிரைத் திறன். 1986க்குப் பின் வந்த வடிவத்தின் நிறை சுமார் 650 கி.கி.

இரண்டுமே இன்று உற்பத்தியில் இல்லை. மாருதி 800, 25 லட்சத்துக்கு மேல் விற்ற பிறகு, 2014 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. மும்பையில் வாடகைக் கார்களாக ஓடிக்கொண்டிருந்த கடைசிப் பத்மினிகள் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றன. ஆனால் 1980களில் ஒரு நடுத்தரக் குடும்பம் கார் வாங்க நினைத்தால், அம்பாசடரை ஒதுக்கிவிட்டால், இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நமக்கு வேண்டியதும் இத்தகைய ஓர் இணைதான். திறன் ஒன்று, நிறை வேறு. சோதனைச் சாலையில் ஓர் அளவை மாற்றாமல் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிப் பார்ப்போம் அல்லவா? அந்த வேலையை இங்கே வரலாறே செய்து கொடுத்துவிட்டது.

சிறிய எஞ்சின் எப்படி ஈடு கொடுத்தது?

முதலில் 796 க.செ.மீ. எப்படி 1089 க.செ.மீட்டருக்குச் சமமாகத் திறன் தந்தது என்று பார்ப்போம். ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். எனவே பத்மினியின் எஞ்சின் நொடிக்கு 40 × 746, அதாவது ஏறத்தாழ 29,840 ஜூல் வேலை செய்கிறது. மாருதி நொடிக்கு ஏறத்தாழ 29,470 ஜூல்.

இவை நான்கு வீச்சு எஞ்சின்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒவ்வொரு சிலிண்டரும் கலவையை உள்ளிழுத்து எரிக்கும். பத்மினி நிமிடத்துக்கு 4800 சுற்று என்றால் நொடிக்கு 80 சுற்று. ஆகவே அதன் முழுப் பருமனும் நொடிக்கு 40 முறை நிரம்பிக் காலியாகிறது. 1089 × 40 = 43,560 க.செ.மீ. மாருதிக்கு இதே கணக்கைப் போட்டால் நொடிக்குச் சுமார் 45.8 முறை, 796 × 45.8 = ஏறத்தாழ 36,460 க.செ.மீ. இப்போது வேலையைப் பருமனால் வகுங்கள். பத்மினியில் ஒவ்வொரு க.செ.மீட்டரும் 0.68 ஜூல் வேலை தருகிறது. மாருதியில் 0.81 ஜூல்.

ஆக, சிறிய எஞ்சின் இரண்டு வழிகளில் ஈடு கட்டியிருக்கிறது. ஒன்று, விரைந்து சுற்றியது. மற்றது, ஒவ்வொரு வீச்சிலும் 18 விழுக்காடு கூடுதலாக வேலை வாங்கியது. பத்மினி எஞ்சினின் அடிப்படை வடிவம் 1937இல் பியட் நிறுவனம் உருவாக்கியது. அதில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு கீழே இருக்கும். அங்கிருந்து நீண்ட கம்பிகள் மேலே சென்று வால்வுகளை அசைக்கும். மாருதியில் கேம் தண்டு சிலிண்டர்களுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. அசைய வேண்டிய உலோகம் குறைவு. ஆகவே அதிக வேகத்திலும் வால்வுகள் தாளம் தவறாமல் திறந்து மூடின. இன்று ஒரு லிட்டர் பருமனுள்ள சிறு எஞ்சின்கள் இதே 5500 சுற்றில் 65 குதிரைத் திறனுக்கு மேல் தருகின்றன. அவற்றுக்கும் இந்த வகுத்தலைச் செய்து பாருங்கள்; ஒரு ஜூலைத் தாண்டும்.

ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 5500 சுற்றில் கிடைக்கும் திறனை வைத்துக்கொண்டு கடைத்தெருவில் என்ன செய்வது? அந்தச் சுற்றில் எஞ்சினை யாரும் அன்றாடம் ஓட்டுவதில்லை. கையேட்டில் உள்ள குதிரைத் திறன் என்பது மாணவர் ஒருவர் வாழ்நாளில் ஒரு முறை எடுத்த மிக உயர்ந்த மதிப்பெண்ணைப் போன்றது. தினசரி வகுப்பில் அவர் எப்படி என்பதை அது சொல்லாது. தினசரி நிலையைச் சொல்வது திருப்பு விசை. எஞ்சின் தன் தண்டை எவ்வளவு வலுவாகத் திருகுகிறது என்பதன் அளவு. அதில் பத்மினிக்கு ஏறத்தாழ 71 நியூட்டன்-மீட்டர். மாருதிக்கு ஏறத்தாழ 59. இரண்டுமே நிமிடத்துக்கு 3000 சுற்றை ஒட்டிக் கிடைப்பவை. இந்த இரண்டு எண்களையும் மறந்துவிடாதீர்கள். தாத்தாவின் வழக்கு இவற்றில்தான் இருக்கிறது.

யார் யார் ஏறுகிறார்கள்?

கார் தானாக ஓடுவதில்லை. ஆள் ஏற வேண்டும். ஓர் ஆளின் நிறை 65 கி.கி. என்க. ஓட்டுநர் மட்டும் இருந்தால் மாருதி 715 கி.கி.; பத்மினி 960 கி.கி. ஒரு கிலோகிராமுக்குக் கிடைக்கும் திறன் எவ்வளவு? மாருதிக்கு 41 வாட், பத்மினிக்கு 31 வாட். கால்வாசி வித்தியாசம். பச்சை விளக்கு விழுந்ததும் எது முன்னே பாய்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தந்தையாரின் கட்சி இந்த அளவில் வென்றது.

இனி ஐந்து பேரை ஏற்றுவோம், 25 கி.கி. மூட்டை முடிச்சும் இருக்கட்டும். மொத்தச் சுமை 350 கி.கி. மாருதி 1000 கி.கி. ஆகிறது, பத்மினி 1245 கி.கி. ஆகிறது. இப்போது மாருதிக்கு ஒரு கிலோகிராமுக்கு 29.5 வாட், பத்மினிக்கு 24 வாட்.

இந்த நான்கு எண்களையும் மீண்டும் ஒரு முறை பாருங்கள். ஐந்து பேர் ஏறிய மாருதியும், ஓட்டுநர் மட்டும் அமர்ந்த பத்மினியும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன! பத்மினிக்காரர் தினமும் அலுவலகத்துக்குத் தனியே ஓட்டிச்சென்ற கார் எப்படி நகர்ந்ததோ, ஏறக்குறைய அப்படித்தான் குடும்பத்தோடு திருவிழாவுக்குப் போன மாருதி நகர்ந்திருக்கும். மாருதிக்காரருக்கு அது பெரிய ஏமாற்றமாகத் தெரிந்திருக்கும். நேற்று பறந்த கார் இன்று முனகுகிறதே என்று. பத்மினிக்காரருக்கோ, தம் கார் சுமை ஏற்றினாலும் அவ்வளவாக மாறவில்லை என்று தோன்றியிருக்கும். இரண்டு உணர்வும் உண்மையே. ஒரே 350 கி.கி. சுமை, இலேசான காரின் நிறையில் பாதிக்கு மேல். கனத்த காரின் நிறையில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு.

திருப்பு விசையையும் இதேபோல் வகுத்துப் பார்க்கலாம். தனியே ஓட்டும்போது 59-ஐ 715-ஆல் வகுத்தால் 0.083, 71-ஐ 960-ஆல் வகுத்தால் 0.074. மாருதி முன்னணியில் இருக்கிறது. ஐந்து பேர் ஏறியபின் 0.059-உம் 0.057-உம். இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது! எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கியர்கள் திருப்பு விசையைப் பெருக்குகின்றன என்பதால், இதை மட்டும் வைத்து முழுத் தீர்ப்பு எழுத முடியாதுதான். இருந்தாலும் எஞ்சினை அலற விடாமல், 2500 அல்லது 3000 சுற்றில் நிதானமாக ஏறும் இடத்தில், சுமை நிறைந்த இரண்டு கார்களும் சம வலுவுள்ளவை என்று கொள்ளலாம்.

மலைப்பாதை

அப்படியானால் மலையில் பத்மினியே மேல் என்று தாத்தா சொன்னது வெறும் பாசமா? அவசரப்பட வேண்டாம். எஞ்சினில் வலு இருந்தால் போதாது. அந்த வலுவைச் சாலை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதைச் செய்வது டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வு.

இந்த இரண்டு கார்களுக்கும் நடுவே உள்ள மிகப் பெரிய வேறுபாடு கையேட்டின் முதல் பக்கத்தில் எண்ணாக வருவதே இல்லை. பத்மினியில் எஞ்சின் முன்னே இருந்தது. நீண்ட தண்டு ஒன்று காரின் அடியில் ஓடிப் பின் சக்கரங்களைச் சுழற்றியது. மாருதியில் எஞ்சின் முன்னே குறுக்குவாட்டில் வைக்கப்பட்டு முன் சக்கரங்களையே சுழற்றியது. இதனால் நீண்ட தண்டு மிச்சம், அது ஓடும் மேடு மிச்சம், கனமான பின் அச்சு மிச்சம். கார் இலேசானதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சமதளத்தில் வெறும் காராக ஓடும்போது வேறொரு நன்மையும் உண்டு: எஞ்சினின் எடை முழுதும் சுழலும் சக்கரங்களின் மேலேயே அழுத்துவதால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

ஆனால் பின்னிருக்கையில் மூன்று பேரும், அவர்களுக்குப் பின்னே மூட்டையும் ஏறினால் என்ன ஆகும்? ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகரும். வெறும் காரில் மொத்த எடையில் 60 விழுக்காடு முன் சக்கரங்கள்மீது இருந்ததாகக் கொண்டால், நிறைந்த காரில் அது 50 ஆகக் குறையலாம். மேட்டில் ஏறும்போது இன்னும் குறையும். ஏணியை ஏறும் ஆள் பின்னுக்குச் சாய்வதைப் போல, எடை கீழ்ப்பக்கச் சக்கரங்களுக்குப் போய்விடும். எவ்வளவு போகும்? ஈர்ப்பு மையத்தின் உயரத்தை, முன்பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்தால் வகுத்து, சரிவால் பெருக்க வேண்டும். மாருதியின் அச்சு இடைவெளி 217.5 செ.மீ. ஈர்ப்பு மையம் 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஆறுக்கு ஒன்று என்ற கடுமையான சரிவில் 55 ÷ 217.5 ÷ 6 = 0.042. ஆக முன் சக்கரங்களில் எஞ்சியது 46 விழுக்காடு.

மழை பெய்திருக்கிறது, சாலையில் சேறும் இலைகளும் கிடக்கின்றன, உராய்வுக் கெழு 0.4 தான் என்க. முன் சக்கரங்கள் தரையைப் பற்றி இழுக்கக்கூடிய மிகப் பெரிய விசை 0.4 × 0.46 = காரின் எடையில் 0.184 பங்கு. தேவை எவ்வளவு? சரிவுக்காக ஆறில் ஒரு பங்கு, அதாவது 0.167, டயர் உருள்வதற்கு ஆகும் தடைக்காக 0.015, கூட்டினால் 0.182. இருப்பு 0.184, தேவை 0.182! இன்னும் சிறிது கியர் மாற்றத் தடுமாறினாலும், கொண்டை ஊசி வளைவின் உட்புறத்தில் சரிவு சற்றே கூடினாலும், முன் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். எஞ்சினை இன்னும் அழுத்துவதால் பயனில்லை. குறை எஞ்சினில் இல்லை.

பத்மினியில் கதை தலைகீழ். ஆள் ஏற ஏற, சரிவு கூடக் கூட, எடை பின் சக்கரங்களுக்கே போகிறது, சுழல்வதும் அவையே. சுமையோடு சமதளத்தில் பின்பக்கம் 55 விழுக்காடு என்று கொண்டால், இதே சரிவில் அது 59 ஆகும். 0.4 × 0.59 = 0.236. தேவை 0.182 தான். நல்ல கையிருப்பு! எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைப் பாதையில் ஆடி மழையில் ஏறிய எவரும் இந்தக் கையிருப்பை அலட்சியமாகப் பேசமாட்டார்கள். நான் எடுத்துக்கொண்ட 60, 55 ஆகிய விழுக்காடுகள் தோராயமானவை என்பதை மறைக்கவில்லை. எனினும் முடிவின் திசை அவற்றால் மாறாது: முன்சக்கர இயக்கமுள்ள காரின் பிடிப்பைப் பின்னிருக்கைச் சுமை குறைக்கும், பின்சக்கர இயக்கமுள்ள காரின் பிடிப்பைக் கூட்டும்.

பள்ளம் விழுந்த சாலையிலும் தாத்தாவுக்கு ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். பத்மினியின் சக்கர வளையம் 14 அங்குலம். மாருதியின் வளையம் 12 அங்குலம். டயரையும் சேர்த்தால் ஆரம் முறையே ஏறத்தாழ 30 செ.மீ., 25 செ.மீ. சாலையில் 20 செ.மீ. அகலமுள்ள குழி ஒன்று இருந்தால், சக்கரம் எவ்வளவு இறங்கும் என்பதைப் பிதாகரஸ் தேற்றம் சொல்லிவிடும். பெரிய சக்கரம் 1.7 செ.மீ., சிறியது 2.1 செ.மீ. சிறிய வேறுபாடுதான். ஆனால் இலேசான கார், கனத்த காரைவிட எளிதில் தூக்கி எறியப்படும்; இரண்டும் சேர்ந்தே பின்னிருக்கைப் பாட்டியின் முதுகைத் தாக்கும்.

பெட்ரோல் கணக்கு

இனி வாங்குபவர் முதலில் கேட்கும் கேள்விக்கு வருவோம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. சீரான ஓட்டத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்தை அடைவதாகக் கொள்வோம். அதாவது 6400 கிலோஜூல். எஞ்சிய நான்கு பங்கும் ரேடியேட்டர், புகைக்குழல், உராய்வு ஆகியவற்றின் வழியாக வெப்பமாகப் போய்விடுகிறது. காருக்குள் இருவர் இருக்கட்டும்: மாருதி 780 கி.கி., பத்மினி 1025 கி.கி.

நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காரை எதிர்ப்பவை இரண்டு. ஒன்று, காற்று. இரண்டு கார்களின் அகலமும் உயரமும் மிக நெருங்கியவை. மாருதியின் அகலம் 144 செ.மீ., பத்மினியின் அகலம் 146 செ.மீ. ஆகவே இரண்டுக்கும் ஒரே காற்றுத் தடை, சுமார் 125 நியூட்டன் என்று கொள்வதில் பெரிய பிழை வராது. காற்றுக்குக் காரின் நிறை தெரியாது. மற்றது, டயர் உருள்வதில் ஏற்படும் தடை. அது நிறையைப் பொறுத்தது: மாருதிக்கு 115 நியூட்டன், பத்மினிக்கு 151 நியூட்டன். மொத்தம் 240-உம் 276-உம். ஒரு நியூட்டன் விசையை ஆயிரம் மீட்டர் தள்ளினால் ஒரு கிலோஜூல். எனவே ஒரு கிலோமீட்டருக்கு மாருதி 240 கிலோஜூலும் பத்மினி 276 கிலோஜூலும் செலவிடுகின்றன. 6400-ஐ இவற்றால் வகுத்தால் 27 கி.மீ., 23 கி.மீ. வேறுபாடு பெரிதில்லை, பாருங்கள்!

நகரத்தில்தான் நிறை தன் வேலையைக் காட்டுகிறது. கிலோமீட்டருக்கு நான்கு முறை நிற்க வேண்டியிருக்கிறது என்க. ஒவ்வொரு முறையும் மணிக்கு 40 கி.மீ. வேகத்துக்கு ஏற்றி, பிறகு பிரேக்கை மிதிக்கிறோம். அந்த வேகத்தில் இயக்க ஆற்றல், பாதி நிறை × வேகத்தின் வர்க்கம்: மாருதிக்கு 48 கிலோஜூல், பத்மினிக்கு 63 கிலோஜூல். இதெல்லாம் பிரேக்கைச் சூடாக்கிக் காற்றில் கலக்கிறது. நான்கு முறைக்கு 192-உம் 252-உம். இதோடு உருளும் தடையையும், குறைந்த வேகத்தில் 32 நியூட்டன் அளவே உள்ள காற்றுத் தடையையும் கூட்டினால், கிலோமீட்டருக்கு மாருதி 339, பத்மினி 435 கிலோஜூல். நெரிசலில் எஞ்சின் நின்ற இடத்தில் வெறுமனே எரித்துக்கொண்டிருப்பதால் பயனுறு பங்கு 20-இலிருந்து 14 விழுக்காடாகக் குறைவதாகக் கொண்டால், லிட்டருக்கு மாருதி 13 கி.மீ., பத்மினி 10 கி.மீ. அளவே தரும்.

ஆண்டுக்கு 10,000 கி.மீ. நகரத்தில் ஓட்டும் குடும்பத்துக்கு இதனால் 200 லிட்டருக்குமேல் வேறுபாடு வருகிறது. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20 ஆயிரம் ரூபாய். ஒரு பள்ளி மாணவரின் ஓராண்டுப் புத்தகமும் சீருடையும் வேறு சில செலவுகளும் அதில் அடங்கும். இரண்டு எஞ்சின்களுக்கும் ஒரே பயனுறு பங்கு என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. பெட்ரோலை நன்றாகப் பிழிந்த எஞ்சின் மாருதியுடையது என்பதை முன்பே கண்டோம். ஆகவே உண்மையில் வேறுபாடு இதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். டவுனுக்குள் இருவர் மூவராகப் போய்வரும் குடும்பத்துக்கு மாருதிதான் சரியான கார். இதில் எனக்கு ஐயமே இல்லை.

இலேசு என்பதன் மறுபக்கம்

இத்தோடு நிறுத்தினால் தாத்தா விடமாட்டார். "இரும்பு இரும்புதான் தம்பி. மோதினால் தெரியும்" என்பார். இதையும் கணக்கிட்டே பார்த்துவிடுவோம்.

இருவர் அமர்ந்த மாருதியும் இருவர் அமர்ந்த பத்மினியும் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன என்க. உந்தம் அழிவதில்லை. (1025 − 780) × 40-ஐ மொத்த நிறை 1805-ஆல் வகுத்தால், சிக்கிய இரண்டும் பத்மினி வந்த திசையிலேயே மணிக்கு 5.4 கி.மீ. வேகத்தில் நகரும். பத்மினியின் வேகம் 40-இலிருந்து 5.4 ஆகிறது; மாற்றம் 34.6. மாருதியோ 40-இல் வந்து, நின்று, பின்னோக்கி 5.4-இல் தள்ளப்படுகிறது; மாற்றம் 45.4. ஒரே மோதல், ஒரே நேரம். ஆனால் மாருதியில் உள்ளவர்கள் உணரும் முடுக்கம் 1.3 மடங்கு. உடலுக்கு ஏற்படும் கேடு இந்த மாற்றத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது என்று கொண்டால் 1.7 மடங்கு. தாத்தா சொன்னது சரிதான்.

சரி, ஆனால் பாதிதான். மோதுவது மற்றொரு காராக இல்லாமல் புளியமரமாக இருந்தால்? அப்போது கனத்தால் ஓர் அனுகூலமும் இல்லை. 40 கி.மீ. வேகத்தில் வந்த கார் நின்றாக வேண்டும். அதன் முன்பகுதி எவ்வளவு தூரம் நசுங்கி நிற்கிறது என்பதுதான் கேள்வி. அரை மீட்டர் நசுங்கினால் உள்ளிருப்பவருக்குப் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 12.6 மடங்கு. கால் மீட்டரே நசுங்கினால் 25 மடங்கு. "தகடு நசுங்கவே இல்லை, எவ்வளவு உறுதி பார்!" என்று வியக்கும் காரில்தான் ஆளுக்கு அடி அதிகம். முன்பகுதி படிப்படியாக நசுங்க வேண்டும். ஆள் இருக்கும் பெட்டி நசுங்கக் கூடாது. பெல்ட் ஆளைப் பெட்டியோடு கட்டி வைத்திருக்க வேண்டும். நிறையைக் கூட்டாமலே இதைச் செய்யலாம் என்பதைக் கார் தொழில் காலம் கடந்தே கற்றுக்கொண்டது. இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை, காற்றுப்பை இல்லாத வடிவில், குளோபல் என்கேப் அமைப்பு மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டு 2014 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துமே ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. பாரத் என்கேப் என்ற நம் நாட்டுச் சோதனை முறை 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே புதிய கார் பார்க்கப் போகும் வீட்டில், தகட்டைத் தட்டிப் பார்த்து ஓசை கேட்பதை விட்டுவிட்டு, அந்தக் கார் இத்தகைய சோதனைக்கு உள்ளானதா, எத்தனை நட்சத்திரம் என்று கேட்பதே முறை.

மாணவருக்கு இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, அவர் கடைசியில் ஒன்று கேட்டார். "ஐயா, 60 விழுக்காடு, 50 விழுக்காடு என்று நீங்களாக வைத்துக்கொண்டீர்களே, அதை அளக்க முடியாதா?"

முடியும். ஊருக்கு வெளியே லாரிகளை எடை போடும் மேடை இருக்கிறது. அவர்கள் வீட்டில் இப்போது பார்த்துவைத்திருப்பதும் முன்சக்கர இயக்கம் உள்ள சிறிய கார்தான். கார் வந்தபின் பெரியவர் ஒருவர் ஓட்ட, முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடைமீது ஏற்றி எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு முழுக் காரையும் ஏற்றிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மற்றதால் வகுத்தால் முன்பக்கப் பங்கு கிடைத்துவிடும். அடுத்து பின்னிருக்கையில் தாத்தா உட்பட மூவரை அமர்த்தி, மூட்டையும் வைத்து, இதையே மறுபடியும் செய்ய வேண்டும். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கார் இருந்தால் நீங்களும் இதைச் செய்யலாம். கிடைக்கும் இரண்டு எண்களையும் என்னுடைய 60, 50 ஆகியவற்றின் இடத்தில் போட்டு, ஆறுக்கு ஒன்று சரிவுக்கான கணக்கை முதலிலிருந்து செய்யுங்கள். எடை மேடையின் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கைச் சரிபார்க்க அது வேண்டும்.